பம்புசெட் வளைவு

11 நவம்பர் 2007, ஞாயிறு

இன்று மட்டும் நான்கு பேர் டிராக்கில் வண்டியோடு சுழன்றார்கள். நான்கு பேரும் ஒரே இடத்தில்: மூன்றாவது வளைவு, பழைய பம்புசெட் அறைக்கு எதிரே. நேர்பாதையில் முழு வேகத்தில் வருகிறார்கள், வளைவுக்குள் நுழைகிறார்கள், வண்டியின் பின்பக்கம் முன்னால் வந்துவிடுகிறது. அப்புறம் டயர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள், ரயிலில் தூங்கிப்போய் செங்கல்பட்டில் இறங்கியவர்கள் மாதிரி.

யாருக்கும் அடி இல்லை. முழங்காலில் மண், முகத்தில் அசடு, அவ்வளவுதான்.

தூசி அடங்க டிராக்கில் தண்ணீர் தெளிப்பது முனியம்மா அக்காவின் வேலை. இங்கே வாடகைக்கு ஓட்டக் கொடுக்கும் நான்கு சக்கர குவாட் பைக்குக்கு அவர் வைத்த பெயர் நண்டு வண்டி. ஹோஸ் பைப்பும் கையுமாக நின்று கேட்டார்: "காசு குட்த்து இம்மாந்தூரம் வந்து வுழுறானுங்களே, இவனுங்களுக்கு வூட்ல வுழ எடமே இல்லியா?"

என் வேலை கவுன்டரில். டோக்கன் கிழிப்பது, படிவத்தில் கையெழுத்து வாங்குவது, ஹெல்மெட் கொடுப்பது, ஸ்டாப்வாட்ச் அழுத்துவது. பி.எஸ்சி. இயற்பியல் படித்ததற்கு இதுவா வேலை என்று சின்னம்மா கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. கறுப்பு அங்கியில் மகள் நிற்கும் படத்தை அத்தா சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் தன் சீட் கவர் கடையில் மாட்டியிருக்கிறார். அந்தப் படத்தில் இருப்பவள் டோக்கன் கிழிப்பவள் மாதிரி இல்லை.

ஆனால் எனக்கு இந்த இடம் பிடித்திருக்கிறது. எல்லோரும் வண்டியைப் பார்க்கிறார்கள். என்னை யாரும் பார்ப்பதில்லை. நான் எல்லோரையும் பார்க்கலாம்.

கல்லூரி ரெக்கார்டு நோட்டில் மீதமிருந்த பக்கங்களில் நேரம் குறித்து வருகிறேன். யாரும் குறிக்கச் சொல்லவில்லை. வெறும் பக்கம் இருந்தால் கை சும்மா இருப்பதில்லை.


13 நவம்பர், செவ்வாய்

மழை. டிராக் மூடல். "என் டூட்டிய மானம் பாத்துக்குது" என்று சொல்லிவிட்டு முனியம்மா அக்கா பம்புசெட் அறையில் தூங்கினார்.


18 நவம்பர், ஞாயிறு

தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இன்று முப்பத்தொரு பேர் ஓட்டினார்கள். சுழன்றது ஒன்பது பேர். ஒன்பதும் ஆண்கள், ஒன்பது பேரும் வெளியே பைக் நிறுத்திவிட்டு வந்தவர்கள். தமிழினி தன் தோழிகள் மூன்று பேரைப் பொத்தேரி ஹாஸ்டலில் இருந்து அழைத்து வந்திருந்தாள். (தமிழினி, தீனா அண்ணாவின் தங்கை. இடம் அவர்கள் அப்பா ராஜகோபால் ஐயாவுடையது, டிராக் தீனா அண்ணாவின் யோசனை.) நான்கு பெண்களில் ஒருத்தியும் சுழலவில்லை.

"பொண்ணுங்க பயந்து மெதுவா ஓட்டுவாங்க" என்றார் தீனா அண்ணா.

மெதுவாகவா? நான் எல்லைக்கல்லில் இருந்து வேப்பமரம் வரை தனியாக நேரம் எடுத்தேன். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் வளைவு. தமிழினி 8.4 வினாடி. டிராக்கின் ராஜாவான தீனா அண்ணா 9.1.

அதனால் பாதையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கைகளைப் பார்க்க ஆரம்பித்தேன். பையன்கள் வளைவு வந்ததும் இடது கை லீவரை முழுசாக இழுக்கிறார்கள். பைக்கில் அது கிளட்ச். தினமும் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆயிரம் தடவை இழுத்த கை, தானாக இழுக்கிறது. ஆனால் இந்த வண்டியில் கிளட்சே கிடையாது. இடது லீவர் பின் பிரேக். திரும்பிக்கொண்டிருக்கும்போது பின்சக்கரம் இறுகிவிட்டால், வால் சுற்றாமல் என்ன செய்யும்?

பெண்கள் நான்கு பேரும் ஸ்கூட்டி ஓட்டுகிறவர்கள். ஸ்கூட்டியில் இடது கை பிரேக்.

என் சைக்கிளிலும்தான்.

இதைத் தீனா அண்ணாவிடம் சொல்ல வேண்டும். நாளை. நாளை மறுநாள்.


20 நவம்பர், செவ்வாய்

சிட்லபாக்கத்தில் இருந்து மாப்பேடு வரை சைக்கிள் மிதித்த நேரம் முழுக்க வாக்கியத்தை ஒத்திகை பார்த்தேன். கேம்ப் ரோடு சிக்னலில் வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன், பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் "என்னாம்மா?" என்றார்.

தீனா அண்ணா முன்னால் போய் நின்றேன்.

"என்ன மெஹ்ரீன்?"

"அண்ணா... டோக்கன் ரோல் தீரப்போகுது."

டோக்கன் ரோல் நான்கு இருக்கிறது.


25 நவம்பர், ஞாயிறு

முதாசிர் வந்தான். என் தம்பிதான். சொல்லாமல், மூன்று நண்பர்களோடு. அக்கா வேலை செய்கிற இடம் என்று பெருமையாக ஒரு டோக்கன் கூடுதலாகக் கேட்டான். ஹெல்மெட்டை நானே மாட்டிவிட்டேன். நானே. வாரைக்கூட இழுத்துக் கட்டினேன். "இடது கைல இருக்கறது கிளட்ச் இல்லடா" என்று ஐந்து வார்த்தை வாய்க்குள் இருந்தது. சுற்றிலும் அவன் நண்பர்கள், பின்னால் வரிசையில் பத்து பேர். எல்லோரும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. சொல்லவில்லை.

இரண்டாவது சுற்றில் பம்புசெட் வளைவு. இழுத்தான். சுற்றினான். டயர் சுவரைத் தாண்டி விழுந்தான்.

வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. எலும்பு முறியவில்லை, சுளுக்கு என்று டாக்டர் சொன்னார். வீட்டில் "ஸ்டேஷன் படில வழுக்கிட்டேன்" என்று சமாளித்துவிட்டான். ராத்திரி இடது கையால் சோறு பிசைய முடியாமல் ஸ்பூனால் சாப்பிட்டுக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரிக்கிறான், காப்பாத்திட்டேன் பாத்தியா என்கிற மாதிரி. அவனுக்குத் தெரியாது.

ஏன் சொல்லல நான்? வாய்ல என்ன கொழுக்கட்டையா? ஐந்து வார்த்தை. எண்ணிப் பார்த்தேன், அஞ்சே அஞ்சு.


26 நவம்பர், திங்கள்

ராஜகோபால் ஐயா வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நல்ல செய்தி சொல்ல வந்தால் நின்றுகொண்டே சொல்வார்.

"கார் நிறுத்துற யார்டுக்கு இந்த எடத்தக் கேக்குறாங்க, தீனா. சுத்தி வேலி போட்டு காரை நிறுத்திட்டுப் பூடுவான். கார் சும்மா நின்னுகினு இருக்கும். ஒருத்தனும் வுழ மாட்டான்."

"அப்பா, ஜனவரி இருவத்தாறு ரேஸ் போட்டுட்டோம். நோட்டீஸ் அடிச்சாச்சு."

"நேத்து வுழுந்தது யாரு? நம்ம கவுன்டர் பொண்ணோட தம்பி. நாளைக்கு இன்னொருத்தன். எனக்கு ராத்திரி தூக்கம் வர்ல. ரேஸ நடத்து. அன்னிக்கு ஒருத்தன் வுழுந்தாலும் மறுநாள் கேட்டுக்குப் பூட்டு. அவ்ளோதான்."

தீனா அண்ணா தரையைப் பார்த்தார். இரண்டு வருஷமாக மண்ணடித்து, மேடு போட்டு, பழைய டயர் பொறுக்கி அவர் உண்டாக்கிய டிராக். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எப்படி வந்தது என்று தெரியவில்லை, என் குரல்தான்:

"அண்ணா, அவங்கல்லாம் கிளட்ச் புடிக்கறாங்க."

"இந்த வண்டில கிளட்சே இல்லியே?"

"அதான் அண்ணா."

பிறகு ஆரம்பித்தது நிற்கவில்லை. நோட்டை விரித்துக் காட்டினேன். இடது கைக் கதை முழுதும் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நீங்க லேட்டா பிரேக் புடிக்கறீங்க அண்ணா. வளைவுக்கு அஞ்சு எட்டு நடக்கற தூரம் இருக்கும்போது. தமிழினி பன்னெண்டு எட்டுலயே புடிக்கறா. அதனாலதான் அவ உங்களவிட சீக்கிரம் வெளிய வர்றா" என்றும் சொல்லிவிட்டேன்.

கல்லூரி முடிந்து வந்திருந்த தமிழினி கைதட்டினாள். தீனா அண்ணாவின் காது சிவந்தது. "முன்னாடியே பிரேக் புடிச்சா லேட்டாகும்னு பச்சக் குழந்தைக்கும் தெரியும். நீ என்னிக்காவது ஓட்டிருக்கியா?"

"சைக்கிள்தான் அண்ணா."

"மொதல்ல இத ஓட்டு. அப்புறம் சொல்லு."

நியாயம்தான். ஆனால் சொல்லிவிட்டேன்.


28 நவம்பர், புதன்

ஓட்டினேன்.

காலை எட்டு மணி, கேட் திறக்கும் முன். தமிழினி கல்லூரிக்குப் போகும் வழியில் வந்து பக்கத்தில் நின்றாள். துப்பட்டாவை இறுக்கி ஊசி குத்தி மேலே ஹெல்மெட். ஆக்ஸிலேட்டர் வலது கட்டைவிரலில், முறுக்குவது இல்லை, தள்ளுவது. தள்ளினேன். வண்டி முனகியது, கிளம்பியது, நின்றது, கிளம்பியது.

"நண்டு கெளம்பிடுச்சி" என்றார் முனியம்மா அக்கா.

முதல் சுற்று இரண்டரை நிமிஷம். நடந்திருந்தால் இன்னும் சீக்கிரம் வந்திருப்பேன்.


30 நவம்பர், வெள்ளி

கட்டைவிரல் வலிக்கிறது. தோள் வலிக்கிறது. காலையில் அலாரத்துக்கு முன்பே எழுந்துவிட்டேன்.


5 டிசம்பர், புதன்

இன்று விழவில்லை. விழுவதற்கு வண்டி திரும்பியிருக்க வேண்டும், திரும்பவே இல்லை.

என் கணக்குப்படி எல்லாம் சரியாகத்தான் செய்தேன். பன்னிரண்டு எட்டு முன்னால் இரண்டு பிரேக்கும் பிடித்தேன். வேகம் குறைந்தது. ஹேண்டில்பாரைத் திருப்பினேன். சக்கரம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. அப்படியே நேராக வழுக்கிக்கொண்டு போய், முனியம்மா அக்கா அப்போதுதான் நனைத்து வைத்திருந்த சேற்றில் உட்கார்ந்தது.

"அங்க நாத்து நட்டு முப்பது வருசமாச்சி, நீ இன்னாத்துக்கு எறங்கின?"

சேற்றில் உட்கார்ந்தபடியே யோசித்தேன். பயத்தில் வளைவு முழுக்கப் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். தமிழினி அப்படிச் செய்வாளா?

சாயங்காலம் அவளை ஓட்டச் சொல்லிப் பின்விளக்கையே பார்த்தேன். பிரேக் பிடித்தால் சிவப்பு எரியும். இத்தனை நாள் எங்கே எரிகிறது என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன், எங்கே அணைகிறது என்று பார்த்ததே இல்லை. திருப்புவதற்கு ஒரு நொடி முன்னால் அணைகிறது. ஒவ்வொரு சுற்றிலும், அதே இடத்தில்.

"நீ எங்க பிரேக்க விடுற?" என்று கேட்டேன்.

"விடறேனா? தெரியலயே."

செய்கிறவளுக்குத் தெரியவில்லை. பார்க்கிறவளுக்கு ஒரு மாதம் ஆயிற்று.

நேராக இருக்கும்போதே பிடிக்க வேண்டும், நேராக இருக்கும்போதே விட வேண்டும். திருப்பும்போது சக்கரத்துக்கு ஒரே வேலைதான் இருக்க வேண்டும்.


6 டிசம்பர், வியாழன்

விட்டேன். திரும்பியது.


11 டிசம்பர், செவ்வாய்

முனியம்மா அக்காவிடம் கோலமாவு கேட்டேன். "உங்க வூட்ல கோலம் போடுவீங்களா?" என்று ஆச்சரியப்பட்டார். டிராக்குக்கு என்றதும் டப்பாவோடு அவரே வந்துவிட்டார். வளைவுக்குப் பன்னிரண்டு எட்டு முன்னால் ஒரு வெள்ளைக்கோடு: பிடி. வளைவு தொடங்கும் இடத்தில் இன்னொன்று: விடு. நான் போட்ட கோடு கோணல். அக்கா காலால் அழித்துவிட்டு நேராக இழுத்தார்.

தீனா அண்ணா முன்னால் நான் ஆறு சுற்று ஓட்டினேன். ஒரு தடவையும் வழுக்கவில்லை. கல்லில் இருந்து மரம் வரை 8.8.

அவர் ஹெல்மெட் மாட்டினார். முதல் சுற்றில் கோட்டைப் பார்க்காத மாதிரி பழையபடி போனார்: 9.1. இரண்டாவது சுற்றில் முதல் கோட்டில் சிவப்பு எரிந்தது, இரண்டாவது கோட்டில் அணைந்தது. உடம்பை உள்பக்கம் சாய்த்தார், வண்டி சத்தமே இல்லாமல் திரும்பியது, மரம் வருவதற்குள் கட்டைவிரலைத் தள்ளிவிட்டார்.

8.0.

ஸ்டாப்வாட்சை வாங்கி இரண்டு தடவை பார்த்தார். "வாட்ச்ல பேட்டரி சரியா இருக்கா?"

"போன வாரம்தான் மாத்தினேன் அண்ணா."

இன்னும் ஒன்பது சுற்று ஓட்டினார். பெட்ரோல் தீர்ந்த பிறகுதான் இறங்கினார்.


16 டிசம்பர், ஞாயிறு

அத்தாவுக்குத் தெரிந்துவிட்டது.

குவாட் பைக் சீட்டுகள் கிழிந்தால் அத்தா கடைக்குத்தான் வரும். ஐந்தையும் இன்று சாயங்காலம் டிராக் மூடியதும் தீனா அண்ணா கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார். போட்டவர் சும்மா வராமல், "பாய், இந்த மூணாம் நம்பர் உங்க பொண்ணு ஓட்டற வண்டி, நல்லா போட்டுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

ராத்திரி சாப்பிடும்போது அம்மா என்னைப் பார்த்தார், நான் முதாசிரைப் பார்த்தேன், அவன் மணிக்கட்டைப் பார்த்தான். மீன் முள்ளை இவ்வளவு கவனமாக நான் எடுத்ததே இல்லை.

கை கழுவும்போது அத்தா கேட்டார்: "திரும்பும்போது சீட்ல நகருவியா, ஒரே எடத்துல உக்காந்திருப்பியா?"

"உள்பக்கம் நகரணும் அத்தா."

"ம்."

அவ்வளவுதான். 'ம்' என்றால் என்ன? வேலையை விடு என்பதா? கேட்கத் தைரியம் வரவில்லை.


18 டிசம்பர், செவ்வாய்

சீட்டுகள் வந்தன. நான்கு சீட்டுக்கு வழக்கமான கறுப்பு ரெக்ஸின். மூன்றாம் நம்பருக்கு மட்டும் சொரசொரப்பான வேறு ரெக்ஸின், இரண்டு ஓரங்களிலும் கொஞ்சம் மேடாக ஸ்பாஞ்ச் வைத்து, இரட்டைத் தையல். நகரலாம், வழுக்காது.

உட்கார்ந்து பார்த்தேன். இறங்க மனசில்லை. கவுன்டரில் இரண்டு பேர் டோக்கனுக்குக் கூப்பிட்ட பிறகுதான் போனேன்.


21 டிசம்பர், வெள்ளி

பக்ரீத். டிராக்குக்கு பிரியாணி கொண்டுபோனேன். முனியம்மா அக்கா இரண்டாம் தடவை போட்டுக்கொண்டு "இனிமே நண்டு வண்டிய கிண்டல் பண்ண மாட்டேன்" என்றார். அடுத்த வாய்க்குள் பண்ணிவிட்டார்.

ஹெல்மெட்டுக்கு உள்ளே போட அம்மா பருத்தித் துணியில் குல்லா தைத்துத் தந்திருக்கிறார், ஊசி குத்தாமல் இருக்க. "உன் சட்டைக் கைல ஒரு மாசமா மண்ணு. தொவைக்கறது யாரு?" என்றார். அப்படியென்றால் எல்லோருக்கும் முன்பே தெரிந்தது அம்மாவுக்குத்தான்.


6 ஜனவரி 2008, ஞாயிறு

தீனா அண்ணா கேட்டில் ஒரு அட்டை மாட்டிவிட்டார். ரேஸில் கலந்துகொள்பவர்கள் எல்லோரும் காணும் பொங்கல் அன்று பிரேக் வகுப்புக்கு வர வேண்டுமாம், வராதவர்களுக்கு வண்டி கிடையாதாம்.

"வகுப்பு யார் எடுக்கறாங்க அண்ணா?"

சிரித்தார்.

இருபத்தைந்து பேர். கல்லூரியில் செமினார் அன்று காய்ச்சல் என்று பொய் சொல்லி வீட்டில் இருந்தவள் நான். அந்தப் பொய்யில் நிஜமாகவே காய்ச்சல் வந்துவிட்டது.


12 ஜனவரி, சனி

முதாசிரும் ரேஸுக்குப் பேர் கொடுத்திருக்கிறான். மணிக்கட்டு சரியாகிவிட்டதாம். சுழற்றிக் காட்டினான். வேண்டாம்டா என்றேன். "நீ ஓட்டலாம், நான் ஓட்டக் கூடாதா?" என்கிறான். அத்தா பேப்பரில் இருந்து தலையைத் தூக்கவில்லை, ஆனால் சிரித்தார்.


17 ஜனவரி, வியாழன்

காணும் பொங்கல். ஊரே வண்டலூர் பூங்காவுக்கும் பீச்சுக்கும் போகிறது, இருபத்தைந்து பேர் எங்கள் டிராக்கில் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்க்கிறார்கள்.

எழுதி வைத்திருந்த தாளை எடுத்தேன். எழுத்து தெரிந்தது, சத்தம் வரவில்லை. பின்வரிசையில் ஒருவன்: "மேடம், வால்யூம் வைங்க." எல்லோரும் சிரித்தார்கள். அழுகை வந்துவிடும் போல இருந்தது. தாளை மடித்துவிட்டுக் கவுன்டருக்குப் பின்னால் போனேன். ஓடிவிட்டாள் என்று நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அங்கே என் சைக்கிள் சாத்தியிருந்தது.

அதைத் தள்ளிக்கொண்டு வந்து அவர்கள் முன்னால் ஸ்டாண்ட் போட்டேன். சத்தம் போட்டவனைக் கூப்பிட்டேன், கையால்தான். உட்காரச் சொன்னேன். லேடீஸ் சைக்கிளில் ஆறடி ஆள்.

"இதுல கிளட்ச் எங்க இருக்கு?"

"சைக்கிள்ல ஏது மேடம் கிளட்ச்?"

"இடது கைல இருக்கறது?"

"பிரேக்கு."

"இதேதான் அதுலயும்." மூன்றாம் நம்பர் வண்டியைக் காட்டினேன். "ரெண்டு சக்கரம் கூட, அவ்ளோதான்."

முன்வரிசையில் நின்ற முதாசிர் தன் இடது கையை மூடித் திறந்து பார்த்தான். அவனைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவன். அப்புறம் எல்லோரும். இருபத்தைந்து இடது கைகள் காற்றில் மூடித் திறந்தன. "மச்சான், நான் போன தடவை இதனாலதான்டா வுழுந்தேன்" என்று யாரோ.

அதற்குப் பிறகு குரல் தானாக வந்தது. கோடு இரண்டையும் காட்டி நடந்தே போனோம், முதல் கோட்டில் எல்லோரும் "பிடி", இரண்டாவதில் "விடு". பிறகு ஒவ்வொருவரும் மூன்று சுற்று ஓட்டினார்கள். இரண்டு பேர் வழுக்கினார்கள். ஒருவரும் சுழலவில்லை.

முதாசிர் சைக்கிளை என்னிடம் தள்ளிக்கொண்டு வந்தான். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும்டா" என்றேன். நவம்பரில் ஹெல்மெட் வாரை இழுத்துக் கட்டியபோது வாய்க்குள் இருந்ததைச் சொன்னேன். "ஒரு மாசம் ஸ்பூன்ல சாப்ட்டேன். ஒரு வாரம் என் பிளேட்ட நீ கழுவு" என்றான்.


25 ஜனவரி, வெள்ளி

மழை வரக் கூடாது. யாரும் விழக் கூடாது. வேறு எதுவும் வேண்டாம்.


26 ஜனவரி, சனி

வரிசையாக எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசியில் நடந்ததையே முதலில் எழுதிவிடுவேன்.

ஐந்து பந்தயம், ஒவ்வொன்றிலும் ஐந்து வண்டி. ராஜகோபால் ஐயா காலையிலேயே வந்து பம்புசெட் வளைவுக்கு நேர் எதிரே நாற்காலி போட்டுக்கொண்டார். வேறு எதையும் பார்க்கவில்லை. புதுப் பூட்டு ஒன்று சட்டைப்பையில் இருந்தது, பை தொங்கியது.

பெண்கள் பந்தயத்துக்குப் பேர் கொடுத்த ஐந்து பேரில் ஒருத்தி வரவில்லை. தமிழினி என் கையில் இருந்த ஸ்டாப்வாட்சைப் பிடுங்கித் தீனா அண்ணாவிடம் கொடுத்துவிட்டு என்னை இழுத்துக்கொண்டு போனாள். அவள் முதலாவது. நான் இரண்டாவது. வேலிக்கு வெளியே, கடையைச் சாத்திவிட்டு வந்த அத்தா பக்கத்தில் நின்றவரிடம் வண்டியைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பற்றி என்று நினைத்தேன். சீட்டைப் பற்றியாம்.

கடைசிப் பந்தயத்தில் முதாசிர். நான்காவது சுற்றில் இரண்டு பேருக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, எப்போதையும்விட வேகமாக வளைவுக்கு வந்தான். இடது கை... நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை, பார்த்துதான் பழக்கம். முதல் கோட்டில் சிவப்பு எரிந்தது. இரண்டாவதில் அணைந்தது. திரும்பிவிட்டான். மூன்றாவதாக வந்தான், கோப்பையை வென்றவனைவிட அதிகமாகக் குதித்தான்.

இருபத்தைந்து பேர். ஒருவர்கூட விழவில்லை.

தீனா அண்ணா அப்பாவைப் பார்த்தார். ஐயா எழுந்தார், வேட்டியை மடித்துக் கட்டினார். "அப்படி இன்னாதான் இருக்கு இதுல, குடு பாப்போம்" என்று ஒரு வண்டியில் ஏறிவிட்டார். ஹெல்மெட்டை மட்டும் எப்படியோ மாட்டிவிட்டேன். முப்பது வருஷம் புல்லட் ஓட்டியவர், யார் தடுப்பது? முதல் வளைவு அழகு. இரண்டாவது அழகு. நேர்பாதையில் வேட்டி படபடக்க வந்தார். பம்புசெட் வளைவில் இடது கையை முழுசாக, நிதானமாக, முப்பது வருஷப் பழக்கத்தோடு இழுத்தார்.

ஒரு முழுச் சுற்று. பிறகு மெல்ல, வண்டி ஒரு பக்கம், ஐயா ஒரு பக்கம், சேற்றில்.

நாங்கள் ஓடினோம். ஐயா எழுந்து உட்கார்ந்தார். அடி இல்லை. வெள்ளை வேட்டி முழுக்கச் சேறு. சட்டைப்பையில் இருந்த பூட்டு விழுந்து சேற்றில் கிடந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

முனியம்மா அக்காதான் கேட்டார்: "ஐயா, பூட்ட கழுவித் தரட்டா?"

ஐயா எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். அவருடைய இடது கை இன்னும் மூடியே இருந்தது, மெதுவாகத் திறந்தார்.

"நான் எங்க கிளாஸுக்கு வந்தேன்?" என்றார்.

வீட்டுக்கு வந்துதான் நோட்டைத் திறந்தேன். பெண்கள் பந்தயப் பக்கத்தில் தீனா அண்ணாவின் கிறுக்கல் எழுத்து: மெஹ்ரீன், 7.9. என் நேரத்தை வேறு ஒருவர் எழுதி இதுவரை பார்த்ததில்லை. அதே பக்கத்தில், ஆண்கள் பந்தயத்தில் அவருடைய நேரம், நான் எழுதியது: 8.0.

அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை. திங்கட்கிழமை நோட்டை மேஜைமேல் திறந்தே வைக்கப் போகிறேன்.


28 ஜனவரி, திங்கள்

காலை எட்டு மணிக்கு நான் போனபோது கேட் திறந்திருந்தது. புல்லட் வெளியே நின்றது. ஐயா வேட்டி இல்லாமல் பேன்ட் போட்டு வந்திருந்தார், படிவத்தைத் தானே எடுத்து நிரப்பியிருந்தார். வயது: 59. முன் அனுபவம் என்ற இடத்தில் 'கிளட்ச் உள்ள வண்டிகள்' என்று எழுதியிருந்தார்.

சைக்கிளில் உட்கார வைத்தேன். இடது கையை இருபது தடவை மூடித் திறக்கச் சொன்னேன். எண்ணினார்.

எல்லைக்கல் முதல் வேப்பமரம் வரை:
ராஜகோபால் ஐயா, முதல் சுற்று, 16.3. விழவில்லை.
இரண்டாம் சுற்று, 14.8. விழவில்லை.
மூன்றாம் சுற்று, 14.1. விழவில்லை. இன்னொரு டோக்கன் கேட்கிறார்.